எல்லை தாண்டும் இரயிலில் நமக்கும் ஓர் இருக்கை

ஒரே வண்டி, ஒரே தூரம், ஆனால் இரண்டு விலை. ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் இடையே தெப்ராவ் ஷட்டல் இரயில் 2015 ஜூலை 1ஆம் நாள் ஓடத் தொடங்கியது. இங்கிருந்து அங்கே செல்லக் கட்டணம் 5 ரிங்கிட். அங்கிருந்து இங்கே திரும்பக் கட்டணம் 5 சிங்கப்பூர் வெள்ளி. பயணமோ ஐந்து நிமிடம்தான். ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மூன்று ரிங்கிட்டைத் தாண்டிவிட்ட பிறகு, போவதற்குக் கொடுத்ததைப்போல் மும்மடங்குக்கும் மேல் வருவதற்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இது புதிய வழக்கமன்று. தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30ஆம் நாள் மூடப்படும் வரை, கோலாலம்பூரிலிருந்து வந்த வண்டிகள் சிங்கப்பூர் நகரின் உள்ளேயே போய் நின்றன. அந்நாளிலும் மலேசியாவில் ஏறுபவருக்கு எத்தனை ரிங்கிட்டோ, சிங்கப்பூரில் ஏறுபவருக்கு அத்தனை சிங்கப்பூர் வெள்ளி. விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிங்கப்பூரில் இரயில் ஏறவில்லை. பேருந்தில் பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்து, அங்கிருந்து ரிங்கிட்டில் சீட்டு வாங்கி வடக்கே போனார்கள். விவரம் தெரியாதவர்கள் முழு விலையையும் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: எல்லை தாண்டும் இரயிலில் மலிவான சீட்டு எப்போதும் உண்டு. அது ஏழைக்கென்று ஒதுக்கப்பட்ட சீட்டு அல்ல. விவரம் தெரிந்தவனுக்கென்று ஒதுக்கப்பட்ட சீட்டு. தோட்டப்புறங்களிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் நம்மிடம் அந்த விவரம் இருக்கிறது. அதை நம் வீட்டுக்கும் ஊருக்கும் கொண்டு சேர்த்திருக்கிறோமா?

பெயர்த்துச் செல்லப்பட்ட தண்டவாளம்

மலாக்கா நகரத்துக்கு இன்று இரயில் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 1905ஆம் ஆண்டு தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை சுமார் 34 கிலோமீட்டர் நீளக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்தத் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டது. போர் முடிந்த பிறகும் அது திரும்பப் போடப்படவில்லை.

இரும்பு மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் தின்றதுபோக மிஞ்சியவர்களே திரும்பினார்கள். நம் தோட்டங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று ஒரு தாத்தாவையோ சித்தப்பாவையோ பற்றிப் பேசாத குடும்பங்கள் குறைவு. நம் முன்னோரில் பலருக்கு எல்லை தாண்டிய முதல் இரயில் பயணம் அப்படித்தான் வாய்த்தது. அவர்களிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை, விருப்பத்தையும் கேட்கவில்லை.

இந்த வரலாற்றை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாதையில் இன்றும் எஞ்சியிருக்கும் பகுதிக்கு மலாக்காவிலிருந்து இரயிலிலேயே போய்ச் சேரலாம். எப்படி என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இன்று நமக்கு இருக்கும் வழி

மலாக்கா மாநிலத்தவர் இரயில் ஏற வேண்டுமென்றால் புலாவ் செபாங் நிலையத்துக்குத்தான் பெரும்பாலும் போக வேண்டும். தம்பின் ஊரை ஒட்டியிருந்தாலும் அந்நிலையம் அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. காடேக், தெபோங், கெமுனிங் பக்கத்துத் தோட்டத்து மக்களுக்கு அது அருகில். ஜாசின், மெர்லிமாவ், ஆசஹான் பக்கத்தாருக்குத் தொலைவு.

2013ஆம் ஆண்டு சிரம்பானுக்கும் கிம்மாஸுக்கும் இடையே மின்சார இரட்டைப் பாதை நிறைவடைந்தது. 2015ஆம் ஆண்டு கொமுட்டர் வண்டியும் இ.டி.எஸ். விரைவு வண்டியும் புலாவ் செபாங்கைத் தொட்டன. கொமுட்டரில் ஏறினால் வண்டி மாறாமல் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். தைப்பூசத்துக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கொமுட்டருக்கு முன்பதிவு தேவையில்லை என்பதால் அந்தப் பயணம் எல்லாருக்கும் எளிதாயிற்று. 2025ஆம் ஆண்டு இ.டி.எஸ். படிப்படியாகத் தெற்கே நீண்டது: மார்ச்சில் சிகாமட், ஆகஸ்டில் குளுவாங், டிசம்பரில் ஜொகூர் பாரு. புலாவ் செபாங்கில் நிற்கும் வண்டியில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் சிங்கப்பூரின் வாசலுக்குப் போய்விடலாம்.

இந்த வழி யாருக்குத் தேவை? இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தபோதும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல பிள்ளைகள் தெற்கு நோக்கித்தான் போனார்கள். சிங்கப்பூரில் பாதுகாவலராகவும், தொழிற்சாலை ஊழியராகவும், துப்புரவுப் பணியாளராகவும், ஓட்டுநராகவும் வேலை பார்க்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்கள் மாதம் ஒருமுறையேனும் வீடு திரும்ப விரும்புகிறவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கட்டாயம் திரும்ப வேண்டியவர்கள்.

மலிவுச் சீட்டின் நுணுக்கம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். இரயில் சீட்டுக்கும் ஒரு பட்டம் உண்டு. பெருநாள் கால இருக்கைகள் விற்பனைக்குத் திறக்கப்படும் நாளில் தெப்ராவ் வண்டியின் நல்ல நேரத்து இருக்கைகள் விரைவாகத் தீர்ந்துவிடுகின்றன. ஆகவே திறக்கும் நாளை அறிந்திருப்பதே பாதி வெற்றி.

இரண்டாவது, இ.டி.எஸ். சீட்டும் தெப்ராவ் சீட்டும் தனித்தனி. ஒன்று தாமதமானால் மற்றது காத்திருக்காது. எல்லைச் சோதனைக்காகத் தெப்ராவ் வண்டியின் வாயில் புறப்படும் நேரத்துக்கு முன்பாகவே அடைக்கப்பட்டுவிடும். இடையில் ஒன்றரை மணி நேரமாவது விட்டுப் பதிவு செய்வதே பாதுகாப்பு. அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் முழுச் சீட்டையும் இழப்பது சிக்கனம் ஆகாது.

மூன்றாவது, கடப்பிதழ். எல்லை தாண்டும் வண்டிக்குப் பதிவு செய்யும்போதே கடப்பிதழ் விவரம் கேட்கப்படும். எண்ணில் ஓர் எழுத்துத் தவறினாலும் வாயிலில் சிக்கல் வரும். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்கான ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 ரிங்கிட் ஆகிறது. நாட்கூலிக் குடும்பத்துக்கு இதுவே பெரிய செலவு. ஐந்து ரிங்கிட் சீட்டு வாங்குவதற்கு முன்னால் இருநூறு ரிங்கிட் சீட்டு ஒன்று இருப்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான்காவது, எந்தப் பகுதியை எதில் கடப்பது என்ற கணக்கு. பாலத்தைப் பேருந்தில் கடப்பது இரயிலைவிட மலிவு. ஆனால் நெரிசல் நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரயில் ஐந்து நிமிடம். வடக்கே வரும்போது இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். சாதாரண நாளில் பேருந்து, பெருநாளுக்கு முதல் நாள் இரயில் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்தான் கெட்டிக்காரர். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். இரயில் 2027 தொடக்கத்துக்குள் ஓட வேண்டும் என்பது திட்டம். அது வந்து நிலைபெற்றதும் தெப்ராவ் வண்டி விடைபெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. வண்டி மாறினாலும் விதி மாறாது. பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மலிவான வழி எது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வடக்கு எல்லையிலும் இதே நுணுக்கம்தான். 2016ஆம் ஆண்டு வரை பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக்குக்கு நேரடி வண்டி ஓடியது. அதன் பின்னர் அந்த வண்டி பாடாங் பெசாரோடு நின்றுகொண்டது. இப்போது இங்கிருந்து இ.டி.எஸ். வண்டியில் பாடாங் பெசார் போய், ஒரே நிலையத்துக்குள் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்துக்கொண்டு, தாய்லாந்து வண்டியில் ஏற வேண்டும். ஹாட்யாய் வரையிலான சாதாரண வண்டிக்கு ஐம்பது பாட் அளவில்தான் கட்டணம். தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது என்பதை மறந்தால் எல்லாக் கணக்கும் தவறிவிடும்.

ஐரோப்பாவிலும் இதே கதை

நம் சங்கத்தில் இருந்தவர்களில் சிலர் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போயிருக்கிறார்கள். இனியும் போவார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஓர் இணையத்தளத்தில் எல்லாச் சீட்டும் கிடைத்துவிடும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஐரோப்பாவில் எல்லாத் தொடருந்து நிறுவனங்களின் சீட்டையும் ஒரே இடத்தில் விற்கும் ஏற்பாடு இன்னும் முழுமையாக வரவில்லை. 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லையன், ஒரே சீட்டில் ஐரோப்பா முழுவதும் பயணம் செய்ய வழி செய்யும் சட்டத்தைக் கொண்டுவரப்போவதாகத் தம் திட்ட அறிக்கையில் சொன்னார். அவ்வாறு சட்டம் தேவைப்படுகிறது என்பதே நிலைமையைக் காட்டிவிடுகிறது.

அங்கேயும் ஒரே வண்டிக்கு இரு நாட்டு நிறுவனங்கள் இரு விலை சொல்வதுண்டு. பெர்லினுக்கும் பிராகாவுக்கும் இடையே ஓடும் வண்டிக்கு, ஜெர்மன் இரயில்வே சொல்லும் விலையைவிடச் செக் இரயில்வே சொல்லும் விலை சில வேளைகளில் குறைவாக இருக்கும். மலிவுச் சீட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. முதலில் வருபவருக்கே கிடைக்கும். குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். பெரும்பாலும் பணம் திரும்பாது. நீண்ட பயணத்தை எல்லை ஊரில் பிரித்து இரண்டு சீட்டாக வாங்குவது சில நேரம் மலிவாகும். ஆனால் முதல் வண்டி தாமதமானால் இரண்டாவது சீட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்ற ஆபத்தும் உண்டு. உட்லண்ட்ஸ் கதை அப்படியே இருக்கிறதல்லவா?

பலநாட்டுப் பயணச்சீட்டுகளிலும் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. 1972ஆம் ஆண்டு இளையோருக்காகத் தொடங்கப்பட்ட ‘இண்டர்ரெயில்’ சீட்டு ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. வெளியிலிருந்து போகிறவர்களுக்கு ‘யூரெயில்’. ஆனால் மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்தாலும், படிப்பதற்காக அங்கே முறையான வசிப்புரிமை பெற்றிருக்கும் மாணவர் இண்டர்ரெயிலுக்குத் தகுதி பெறுவார். 27 வயது வரை இளையோர் கட்டணமும் உண்டு. அந்தச் சீட்டு இருந்தாலும் பிரான்சின் அதிவேக வண்டிகளுக்குத் தனியாக இருக்கைக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதைவிட நம் சிந்தனையைத் தூண்ட வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் பதினெட்டு வயது நிரம்பிய இளையோரில் ஆயிரக்கணக்கானோரைத் தேர்ந்தெடுத்து, அண்டை நாடுகளைக் கண்டுவர இலவச இரயில் சீட்டு வழங்குகிறது. ‘டிஸ்கவர் இயூ’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். எல்லை தாண்டிய பயணம் ஓர் இளைஞனின் கல்வியில் ஒரு பகுதி என்று அங்கே அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்மிடையே எல்லை தாண்டுவது என்றால் பிழைப்புக்குப் போவது என்ற ஒரே பொருள்தான் இன்னும் நிற்கிறது.

மலிவு யாருக்குப் போய்ச் சேருகிறது?

சீட்டு விற்பனை கைத்தொலைபேசிச் செயலிக்கும் இணையத்துக்கும் போய்விட்ட பிறகு, வரிசையில் நின்றவனுக்கு இருந்த உரிமை குறைந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து முகப்பிடத்தில் முதல் ஆளாக நின்றால் சீட்டு நிச்சயம் என்பது பழைய உலகம். அந்த உலகத்தில் உடலுழைப்புக்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்றோ நல்ல இணைய வசதி, வங்கி அட்டை, மலாயோ ஆங்கிலமோ தடையின்றிப் படிக்கும் பழக்கம், வேலை நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுதந்திரம் ஆகியவை வேண்டும். பன்னிரண்டு மணி நேரக் காவல் பணியில் நிற்கும் ஒருவருக்கு இவற்றில் எது வாய்க்கும்? அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருப்பவர் ஐந்து ரிங்கிட் சீட்டை எடுத்துக்கொள்கிறார். காவல் பணி முடித்து வருபவர் கடைசி நேரத்தில் கிடைத்த பேருந்துக்கு அதிக விலை கொடுக்கிறார், அல்லது பாலத்தில் இரவெல்லாம் நிற்கிறார். தேவை அதிகம் உள்ளவர் அதிகம் கொடுக்கிறார். தேவை குறைந்தவர் குறைவாகக் கொடுக்கிறார்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் உண்டு. ‘இன்று யாரிடம் கைத்தொலைபேசி இல்லை?’ என்பார்கள். கைத்தொலைபேசி இருக்கிறது, உண்மைதான். அதில் படம் பார்ப்பதும் குரல்பதிவு அனுப்புவதும் வேறு. கடப்பிதழ் எண்ணைத் தட்டச்சு செய்து, நிமிடக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பணம் செலுத்தி முடிப்பது வேறு. ஒருமுறை பணம் கழிந்து சீட்டு வராமல் போனால் போதும், அந்தக் குடும்பம் பிறகு அந்தப் பக்கமே போகாது.

‘மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடிப் பேருந்து இருக்கிறதே, இரயில் எதற்கு?’ என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மலாக்கா நகரிலோ ஜாசினிலோ இருப்பவருக்குப் பல நாட்களில் மலாக்கா சென்ட்ரல் பேருந்தே பொருத்தம். அவரைப் புலாவ் செபாங்குக்கு அலைக்கழிக்க வேண்டாம். ஆனால் இரண்டு வழியையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பேருந்தைத் தேர்வது வேறு; மற்றொரு வழி இருப்பதே தெரியாமல் பேருந்தில் போவது வேறு. மூட்டு வலியுள்ள பாட்டியை அழைத்துச் செல்லும்போது, கழிப்பறை உள்ள இரயிலின் மதிப்பு தனியே தெரியும். மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

இரயில் நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். பெருநாள் கால இருக்கைகளில் ஒரு பகுதியை முகப்பிடத்தில் நேரில் வருபவர்களுக்காகச் சில நாள் ஒதுக்கிவைக்கலாம். விற்பனை திறக்கும் நேரத்தை எல்லா வேலைக்காரரும் ஓய்வாக இருக்கும் ஒரு நேரமாக அமைக்கலாம். இவை பெரிய செலவில்லாத ஏற்பாடுகள். கேட்காமல் எதுவும் கிடைக்காது.

நாம் செய்யக்கூடியது

நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் தோட்டப்புறப் பள்ளிகளுக்குச் செல்கின்றன. தேர்வு வழிகாட்டிப் பட்டறை நடத்துகிறோம். நல்ல பணிதான். அதே நாளில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது, பெற்றோருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? கோவில் மண்டபத்திலோ பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலோ நான்கு மாணவர்கள் மடிக்கணினியோடு அமரட்டும். செயலியில் கணக்குத் திறப்பது, கடப்பிதழ் விவரத்தைச் சேமிப்பது, விற்பனை திறக்கும் நாளைக் குறித்துக்கொள்வது ஆகியவற்றைச் செய்துகாட்டட்டும். நாம் பதிவு செய்துகொடுப்பதைவிட, அவர்கள் கையாலேயே செய்யவைப்பது முக்கியம். அடுத்த தீபாவளிக்கு நாம் அங்கே இருக்க மாட்டோம்.

ஒரே தாளில், எளிய தமிழில், ‘புலாவ் செபாங்கிலிருந்து சிங்கப்பூர்’, ‘புலாவ் செபாங்கிலிருந்து ஹாட்யாய்’ என்று இரண்டு வழிகாட்டிகளை அச்சிடலாம். எங்கே மாறுவது, எவ்வளவு இடைவெளி விடுவது, எந்தப் பணம் எடுத்துச் செல்வது ஆகியவை அதில் இருந்தால் போதும். அடையாள ஆவணச் சிக்கலால் கடப்பிதழே எடுக்க முடியாத குடும்பங்களும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்களைச் சட்ட உதவி செய்யக்கூடியவர்களிடம் கொண்டு சேர்ப்பதும் அந்த ஒரு மணி நேரத்தின் பயனாக இருக்கும்.

மூன்றாவதாக ஒரு பயணம். ஆண்டுதோறும் நாம் ஏதாவதொரு சுற்றுலா போகிறோம். ஓர் ஆண்டு அதைக் காஞ்சனபுரிப் பயணமாக மாற்றுவோம். புலாவ் செபாங்கில் ஏறிப் பாடாங் பெசார். அங்கிருந்து படுக்கை வசதியுள்ள இரவு வண்டியில் பாங்காக். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை செல்லும் சாதாரண வண்டி. இந்தக் கடைசிப் பகுதிக்கு வெளிநாட்டுப் பயணியிடம் வாங்கப்படும் கட்டணம் 100 பாட். மரண இரயில்பாதையில் இன்றும் வண்டி ஓடும் பகுதி அதுதான். அங்கே நேச நாட்டுப் படைவீரர்களின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாகப் பேணப்படுகின்றன. நம்மவர்களுக்கு நெடுங்காலம் அப்படி ஓர் அடையாளம் இல்லை. 2023ஆம் ஆண்டுதான் அங்குள்ள பௌத்த ஆலயம் ஒன்றின் வளாகத்தில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுப்பப்பட்டது.

அந்தப் பயணத்துக்கு நம்மோடு தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேரையாவது அழைத்துச் செல்வோம். சீட்டுகளை நான்கைந்து மாதம் முன்பே திட்டமிட்டு, விற்பனை திறந்ததும் அந்தப் பிள்ளைகளைக் கொண்டே பதிவு செய்யவைப்போம். கடப்பிதழ் எடுப்பதும், இரு நாட்டு நேரத்தைக் கணக்கிடுவதும், ரிங்கிட்டைப் பாட்டாக மாற்றிப் பார்ப்பதும் அவர்களுக்கு அங்கேயே பாடமாகும். பத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் பத்துக் குடும்பங்கள் கற்றுக்கொண்டதாகும். அடுத்த பெருநாளில் சிங்கப்பூரிலிருக்கும் அண்ணனுக்கு வீட்டிலிருந்தே சீட்டெடுத்து அனுப்பத் தம்பிக்குத் தெரியும்.

கல்வி நமக்குப் பட்டத்தைத் தந்தது. அதோடு, ஒரு படிவத்தைப் பயமின்றி நிரப்பும் துணிவையும் தந்தது. பட்டத்தைப் பங்குபோட முடியாது. அந்தத் துணிவைப் பங்குபோடலாம். வரும் ஆண்டின் நடவடிக்கைத் திட்டத்தில் இந்த ஒரு மணி நேரத்துக்கு இடம் ஒதுக்குமாறு சங்கத்தின் புதிய செயலவையினரையும், வழிச்செலவில் ஒரு பங்கை ஏற்குமாறு முன்னாள் மாணவர்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.